தேர் இழுத்த கயிறு

யாழ்ப்பாணத்துப் புகையிலை இல்லாவிட்டால் திருவிதாங்கூரில் வெற்றிலை தொண்டைக்குள் இறங்காது என்று எங்கள் முதலாளி சொல்லுவார். அந்த நம்பிக்கையில் வருஷா வருஷம் தோணியில் புகையிலைச் சிப்பங்கள் ஏறும். அந்த வருஷம் சிப்பங்களோடு என்னையும் ஏற்றிவிட்டார். அங்கே உள்ள வியாபாரிகளோடு கதைக்கப் படித்த ஆள் ஒருவன் வேண்டுமாம். நான் படித்தது கணக்கும் கொஞ்சம் இங்கிலீசும். கடலை நான் கரையில் நின்று மட்டுமே படித்திருந்தேன்.

கன்னியாகுமரி முனைவரை நான் வாந்தி எடுத்ததைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை. போகும்போதுதான் இப்படி, திரும்பும்போது பஸ், ரயில், தனுஷ்கோடியிலிருந்து நீராவிக் கப்பல் என்று ராசா மாதிரிப் போய்விடுவேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். முனையைத் தாண்டிய காலையில்தான் அது நடந்தது.

தோணியின் இரண்டு விளிம்பிலும் இடுப்பளவுக்குக் கட்டைகள் நட்டு, முன்தலையிலிருந்து பின்தலைவரை ஒரு கயிறு ஓடும். கைக்கயிறு என்போம். ஆட்டத்தில் நடக்கிறவன் அதைப் பிடித்து நடப்பான். வெளியே எட்டிப் பார்க்கிறவன் அதில் சாய்ந்துகொண்டு பார்ப்பான். தோணியை நடத்துகிற தண்டையல் வைரமுத்தண்ணையும் பாய்க்குக் கீழால் பாறை ஏதும் தெரிகிறதா என்று பார்க்க அப்படித்தான் சாய்ந்தார். சாய்ந்ததைக் கண்டேன். அடுத்த கணம் ஆளைக் காணவில்லை. அறுந்த கயிற்றின் நுனி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஓடுகிற தோணி மாட்டுவண்டி அல்ல, அதட்டினதும் நிற்பதற்கு. பாயை இறக்கித் திருப்பி அவரிடம் வந்து சேர்வதற்குள் எங்கள் ஊரில் உள்ள அத்தனை கோயிலுக்கும் நான் நேர்த்தி வைத்துவிட்டேன். யாரோ வீசிய பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஏறியதும் தலையைத் துவட்டிக்கொண்டு, "அடுப்பிலை என்ன கிடக்கு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் அதோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அறுந்த இடத்தைப் பிறகு பிரித்துப் பார்த்தோம். பருவம் தொடங்க முன்னம் பூசை வைத்து, தோணிக்கும் கயிற்றுக்கும் சேர்த்துத் தார் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். பூசிப் பூசிக் கயிறு வெளியே கறுத்து மினுங்கியது. உள்ளே தும்பு, தேய்ந்த விளக்குமாறு மாதிரிப் பொடிந்து கிடந்தது. மற்றப் பக்கத்துக் கயிற்றையும் கத்தியால் கீறிப் பார்த்தோம். அதற்கும் அதே வியாதி. சுவருக்கு வெள்ளை அடித்தால் கறையான் போய்விடுமா?

தேங்காய்ப்பட்டணத்துக்கு நேரே நங்கூரம் போட்டோம். ஆறு கடலில் சேருகிற இடம். எங்கள் ஊரில் தண்ணீரைக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துத்தான் காண வேண்டும். இங்கே திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர், அதைக் குனிந்து பார்க்கும் தென்னை, அதற்குப் பின்னால் நீலமாய் மலை. மலையையே காணாத நாட்டில் பிறந்தவன் நான். முதல் நாள் முழுதும் கழுத்து வலிக்கிறவரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுங்கத்துக்காரர் மலையாளத்தில் கேட்டார்: "இதற்குள் புகையிலை மட்டும்தானா?" ஆம் என்றேன். ஒரு துண்டு கிள்ளி வாயில் ஒதுக்கிக்கொண்டு கொஞ்சநேரம் கண்ணை மூடினார். "போன வருஷத்துச் சரக்குக்கு இன்னும் காரம் இருந்தது" என்றார். முதலாளியின் நம்பிக்கை வீண்போகவில்லை.

கரைக்கடையில் சாப்பாடு கேட்டோம். அவித்த மரச்சீனிக் கிழங்கை மலைபோலக் குவித்து, அதன்மேல் மீன் குழம்பை ஊற்றி வைத்தார்கள். எங்கள் வீட்டில் இதை மரவள்ளி என்போம். அரிசி தட்டுப்படும் நாளில் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்போம். இங்கே அரிசி இருந்தாலும் அதுதான் முதல் சாப்பாடு போலிருந்தது. குழம்பில் புளியும் தேங்காயும் மிளகாயும் ஒன்றை ஒன்று விடாமல் சண்டை பிடித்தன. மூன்று நாளாக வெறுமையாய்க் கிடந்த வயிறு இரண்டாம் தரமும் கை நீட்டியது. கடைக்காரர் என்னையே பார்த்துவிட்டு, "நீங்க மலையாளமா?" என்று கேட்டார். தமிழ் என்றேன். "தமிழா! பாட்டு மாதிரில்லா இருக்கு" என்றார். அவருடைய பேச்சைக் கேட்டு நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கோட்டாற்றில் எனக்குப் புகையிலை வேலை இருந்தது. கயிற்றையும் அங்கேயே வாங்கி வருகிறேன் என்று வைரமுத்தண்ணையிடம் சொன்னேன். அவர் வழக்கமாக எதற்கும் இரண்டு கேள்வி கேட்பவர். அன்றைக்கு, "உமக்குச் சரியெண்டால் சரி தம்பி" என்று சொல்லிவிட்டுத் தோணிக்குத் திரும்பாமல் கரையிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

கோட்டாற்றுக் கம்போளம் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேன். நெல், வெல்லம், மிளகு, பாய், பாத்திரம், கயிறு என்று தெருவே ஒரு கடை. ஒரு பக்கம் பள்ளிவாசல், ஒரு பக்கம் கோயில் மணி, ஒரு பக்கம் பெரிய தேவாலயம். நடுவில் நிற்கும் வண்டி மாடுகளுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். மட்டிப்பழம் என்று விரல் நீளத்தில் ஒரு வாழைப்பழம் கிடைத்தது. ஒன்று தின்பது என்று தொடங்கி ஒரு சீப்பை முடித்தேன். பொன்னிறத்தில் பளபளவென்று ஒரு கயிற்றுக்கட்டு கண்ணில் பட்டது. பார்த்தாலே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் போல அழகு. கடைக்காரர், "கொண்டு போங்க அண்ணாச்சி, ஆனையக் கெட்டலாம்" என்றார். வாங்கினேன்.

திரும்பி வந்தது கரியில் ஓடும் பஸ்ஸில். ஏற்றம் வந்தால் பஸ்ஸுக்கு மூச்சு வாங்கும். நாங்கள் இறங்கி நடந்து மேலே போய்க் காத்திருப்போம். கயிற்றுக்கட்டு பஸ் கூரையில் இருந்தது. உள்ளே இரண்டு பேர் விடாமல் தர்க்கம் செய்துகொண்டு வந்தார்கள். திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுக்காக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்கிறார் வேட்டிக்காரர். சேர்ந்தால் சோறு கூடக் கிடைக்குமா என்கிறார் குடைக்காரர். அந்த நேரம் பின்னால் ஒருவர் கத்தினார்: "லேய், நிறுத்து! பஸ்சுக்கு வாலு மொளச்சிருக்கு!"

இறங்கிப் பார்த்தால், என் கயிற்றின் நுனி எங்கோ ஒரு பாலத்துக் கல்லில் மாட்டிக்கொண்டிருந்தது. பஸ் ஓட ஓடக் கட்டு அவிழ்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் ரோட்டில் நீட்டிப் படுத்துக் கிடந்தது. பஸ்ஸே இறங்கிவிட்டது. மீன்கூடைக்காரியும் பள்ளிக்கூட வாத்தியாரும் முன்னால் சுருட்ட, குடைக்காரரும் வேட்டிக்காரரும் தர்க்கத்தை விடாமலே பின்னால் சுருட்டினார்கள். மீன்கூடைக்காரி நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள். "எதுக்கு வாயத் தொறந்துக்கிட்டே இருக்கிய? இந்தக் கயித்தப் போட்டு நம்ம தாலுக்காவ இழுத்து அந்தப் பக்கம் கெட்டிர வேண்டியதுதான" என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு வழிப்போக்கனின் கயிற்றுக்காக ஒரு பஸ் இறங்கியிருக்குமா என்று யோசித்தேன். இறங்கியிருக்காது, ஆனால் இருந்த இடத்திலிருந்தே எல்லாரும் புத்தி சொல்லியிருப்பார்கள்.

இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த கயிற்றை வைரமுத்தண்ணை முகர்ந்து பார்த்தார். பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல தண்ணியிலை ஊறின தும்பு. கிணத்துக்குப் போடலாம். கடலுக்கு உப்புத் தண்ணியிலை ஊறினது வேணும் தம்பி."

"நேற்றே சொல்லியிருக்கலாமே அண்ணை."

"சொல்லியிருக்கலாம்" என்றார். 

ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி ரோசம்மாவின் கயிற்றுச் சாலை இருந்தது. எங்கள் தோணிகள் பலகாலமாக அவளிடம்தான் கயிறு வாங்குவதாம். ஐம்பது வயதிருக்கும். உப்புக் கழியில் ஊறவைத்த கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. ரோசம்மா அதற்கு நடுவில் நின்று கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். என் தோளில் கிடந்த பொன்னிறக் கயிற்றைப் பார்த்து, "ஏன் மக்கா, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள். சுற்றி இருந்த தடிகளெல்லாம் நின்று, சிரிப்பு எழுந்து அடங்கிய பிறகே மறுபடி விழத் தொடங்கின.

கயிறு தருவதாகச் சொன்னாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் தருவாளாம்.

"கயிறு நாளைக்கே முறுக்கித் தீருமே" என்றேன்.

"தீரும். ஞாயித்துக்கிழம எங்க கோயில்ல மாதா தேரு. புதுக்கயிறு மொதல்ல தேரு இழுக்கணும். தேரு இழுக்காத்த கயித்த எங்க கரையில இருந்து கடலுக்குக் குடுக்க மாட்டோம், பாத்துக்கிடுங்க."

"எங்களுக்கு அவசரம். காற்று மாறமுதல் முனையைத் தாண்டவேணும்."

"புதுக்கயிறு நீளும் பிள்ளே. நீளுததெல்லாம் கரையில நீண்டு போட்டும். கடல்ல நீண்டா ஆளு போயிரும்" என்றாள். காப்பியை முடித்துவிட்டு வைரமுத்தண்ணை பக்கம் திரும்பினாள். "தண்டலே, ஒமக்கு மொற தெரியுமில்லா? கயிறு வாங்குதவன்தான் தேருக்குக் கட்ட போடணும். அவன் உசுருதான அதுல தொங்கப் போவுது."

ஓடும் தேரின் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போட்டு நிறுத்துகிற வேலையைச் சொல்கிறாள். வைரமுத்தண்ணை தலையை ஆட்டினார். எனக்குச் சினம் வந்தது. திரும்பும் வழியில், "நாங்கள் சைவக்காரர். மாதா தேருக்குக் கட்டை போடலாமோ?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ளை கிடக்கேக்கை மாதாவையும் கூப்பிட்டனான் தம்பி. முறை பாக்கேல்லை."

கொஞ்சத் தூரம் மணலில் நடந்தோம். ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, கடலைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தபடி கேட்டார்: "நீர் ரயிலிலைதானே ஊருக்குப் போறீர்?"

"ஓம்."

"நானும் வரட்டோ?"

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"விழுந்ததுக்குப் பயமில்லை. எத்தினை தரம் விழுந்தனான். அண்டைக்குத் தலையைத் தூக்கிப் பாக்கிறன், தோணி போகுது. பின்தலையும் உங்கடை முதுகுகளும்தான் தெரியுது. நீங்கள் திரும்புவியள் எண்டு புத்திக்குத் தெரியும். ஆனால் கை கால் நம்பேல்லை. இப்பவும் தோணியிலை கால் வைக்க அதுதான் வருகுது. என்னை விட்டிட்டுப் போறதுதான்." பிறகு, "தோணிப் பெடியளுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார்.

அதன் பாரம் எனக்குத் தெரியும். தோணியை வெளித்துறையில் விட்டுவிட்டு ரயிலில் வந்து இறங்கும் தண்டையலுக்கு எங்கள் ஊரில் ஒருவரும் இன்னொரு தோணி கொடுக்கமாட்டார்கள். அது மட்டுமல்ல, மற்ற ஐந்து பேரில் ஒருவனும் முனையைச் சுற்றித் தோணி நடத்தினவன் அல்ல. காற்று மாறினால் அவர்களும் தோணியும் இங்கேயே மாதக்கணக்கில் கிடக்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டபோது என் மனதின் ஒரு மூலையில் சந்தோஷம் வந்தது. ரயிலுக்கு ஒரு துணை கிடைத்ததே என்று. அந்த நாட்களில் கடலைக் கண்டு பயந்தவன் நான் ஒருவன்தான் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் அண்ணை" என்று மட்டும் சொன்னேன்.

காத்திருந்த நாட்களில் கயிறு முறுக்குவதைப் பார்த்தேன். பெண்கள் ராட்டில் திரித்த இழைகளை ஆண்கள் தென்னைகளுக்கு நடுவே நீட்டிப் பிடித்து, மூன்றை ஒன்றாக முறுக்கினார்கள். முறுக்குகிறவன் ஒரு முனையில், பிடிக்கிறவன் மறு முனையில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத தூரம். முறுக்கு கூடுகிறதா குறைகிறதா என்று கயிற்றின் வழியாகவே அறிந்துகொள்கிறார்கள். எங்கள் தோணிப் பெடியள் உதவிக்குப் போனார்கள். வைரமுத்தண்ணை போகவில்லை. சிரட்டையில் அவித்த புட்டை மட்டிப்பழத்தோடு தந்தால், எங்கள் பனையோலை நீத்துப்பெட்டியில் அவித்த புட்டுத்தான் நல்லது என்று சண்டைக்கு நிற்கக்கூடிய மனிதர், ஒரு குறையும் சொல்லாமல் தின்று கை கழுவினார். எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

ஞாயிறு வந்தது. கோயில் சிறியது, செம்மண் மேட்டின்மேல், கடலைப் பார்த்தபடி நின்றது. தேரும் பெரிதல்ல. எங்கள் ஊர்த் தேரின் பக்கத்தில் நிறுத்தினால் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். ஆனால் நான்கு மரச்சக்கரத்தின்மேல் மாதாவும் பூவும் விளக்குமாக அது அசைந்தபோது மண் நெரிபடும் சத்தம் பெரிதாகத்தான் இருந்தது. இரண்டு புதுக்கயிறு, பக்கத்துக்கு ஒன்று. என் கிணற்றுக் கயிறும் வீண்போகவில்லை. அதில் குருத்தோலை கட்டிப் பந்தலுக்குத் தோரணமாக்கியிருந்தார்கள்.

சட்டை போட்டவன் போடாதவன் என்றில்லாமல் எல்லாரும் இழுத்தார்கள். என்னையும் இழுக்கவிட்டார்கள். ரோசம்மா எங்களிடம் வந்து எச்சரித்தாள்: "கயித்தக் கையில சுத்தாதிய. கேட்டியளா? சுத்தினா கை போயிரும்." கோயிலைச் சுற்றி வந்தோம். வைரமுத்தண்ணை சக்கரத்துக்குப் பக்கமாக நடந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் கட்டையைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டார். சமதரையில் அது பெரிய வேலையல்ல. கயிறு நீண்டது, கண்ணுக்குத் தெரிய நீண்டது. நிற்கிற இடமெல்லாம் ரோசம்மா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கடைசியாகத் தேர் கடற்கரைக்கு இறங்க வேண்டும். கடலை ஆசீர்வதிக்கிற வழக்கம். மேட்டிலிருந்து மணலுக்கு ஒரு சரிவு. அந்த இடத்தில் தேரை நிறுத்தி, இரண்டு கயிற்றையும் முன்னாலிருந்து அவிழ்த்துப் பின்னால் கட்டினார்கள். இனி இழுப்பதல்ல, விழாமல் பிடிப்பதுதான் வேலை. எல்லாரும் தேருக்குப் பின்னால் மேட்டின்மேல் நின்று குதிகாலைப் புதைத்துக்கொண்டோம். தேருக்கு முன்னால், சரிவின் பக்கம், வைரமுத்தண்ணை ஒருவர்தான். சக்கரத்துக்கு அடியில் கட்டை. அதை எடுத்தால் தேரின் பாரம் முழுதும் கயிற்றில்.

மேளம் நின்றது. அவர் குனிந்து கட்டையில் கை வைத்தார். எடுக்கவில்லை.

முதலில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் தோணிப் பெடியன் ஒருவன், "அண்ணைக்கு என்ன?" என்று முணுமுணுத்தான். "நாங்க பிடிச்சிருக்கோம் தண்டலே! எடும்!" என்று ரோசம்மா கூப்பிட்டாள். அவர் நிமிர்ந்து தேருக்குப் பக்கவாட்டாக எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது.

 இத்தனை பேரில் அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்தவன் நான் ஒருவன். வாய்விட்டுச் சொல்லக்கூடிய விஷயமுமல்ல. கயிற்றை எடுத்து என் மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினேன். அவருக்குத் தெரியும்படி கையைத் தூக்கிச் சுற்றினேன். எனக்கு முன்னால் நின்றவர், "ஏலே, விடு!" என்று பதறினார். நான் விடவில்லை. இனி நான் நினைத்தாலும் விடமுடியாது.

வைரமுத்தண்ணை கட்டையை உருவினார்.

பாரம் வந்தது. என் கை தோளோடு கழன்று போகிறது என்று நினைத்தேன். கயிறு முறுகி ஒரு சத்தம் போட்டது, அறுந்துபோகவில்லை. எல்லாரும் "ஓ" என்று ஒரே குரலாய்ப் பிடித்தோம். கட்டை போடுகிறவன் சக்கரத்தைப் பார்த்தபடி பின்புறமாக இறங்குவதுதான் வழக்கமாம். வைரமுத்தண்ணை கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, தேருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கடலைப் பார்த்துக்கொண்டு, எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நடக்கிற மாதிரி, நடந்து இறங்கினார். தேர் அவருக்குப் பின்னால் மெள்ள மெள்ள இறங்கியது. ஒரு தரமும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. கை வலி என்று பக்கத்தில் உள்ளவர் நினைத்திருப்பார்.

ரோசம்மா என் மணிக்கட்டில் எண்ணெய் தடவும்போது வாயாலும் நன்றாகத் தடவினாள். "படிச்ச ஆளுண்ணு சொன்னாவ. சொன்னது காதுல விழல்லியா? மாட்டுக்குச் சொன்னாலும் கேக்கும்." வீக்கம் வெண்டிக்காய் மாதிரி வரிவரியாக எழும்பியிருந்தது. அன்றிரவு சோற்றோடு தீயல் குழம்பும் பொரித்த மீனும் கொண்டுவந்து தந்தவளும் அவள்தான்.

மறுநாள் பழைய கயிற்றை அவிழ்த்தோம். ஒரு இரவு முழுதும் கடல் தண்ணீரில் ஊறிய புதுக்கயிற்றை வைரமுத்தண்ணை ஒவ்வொரு கட்டையாகக் கோத்து இழுத்தார். தார் வாளியைக் கொண்டுவந்த பெடியனை, "வேண்டாம். உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு கண்ணுக்குத் தெரியவேணும்" என்று திருப்பி அனுப்பினார். இரண்டு பக்கமும் கட்டி முடிந்ததும் காலையில் தின்ற புட்டைக் குறைசொன்னார். நீத்துப்பெட்டிப் புட்டுக்கு இது கிட்டவும் வராதாம், உறைபோடக் காணாதாம். எனக்கு நிம்மதியாக இருந்தது.

புறப்படுகிற நாள் விடைபெற்றுப் போக என் பெட்டியோடு கரைக்கு வந்தேன். பஸ் ஒன்று தேங்காய்ப்பட்டணத்துச் சந்தியில் கரி போட்டுக்கொண்டு நின்றது. வைரமுத்தண்ணை முழங்கால் தண்ணீரில் நின்றபடி என் பெட்டியைப் பார்த்தார்.

"ரயிலுக்கோ?"

"ஓம் அண்ணை. நீங்கள்..."

"நான் தோணியிலை." பிறகு கொஞ்சம் கிட்ட வந்தார். மற்றவர்களுக்குக் கேளாமல் சொன்னார்: "அண்டைக்கு நான் திரும்பிப் பாக்கேல்லை, கண்டனீரோ?"

"கண்டனான்."

"நீர் பின்னாலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர் எண்டுதான் பாக்கேல்லை. இனி உம்மடை முறை. ஏறும்."

பஸ் சந்தியிலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டது. அறுந்த கயிறு, வாந்தி, முனை, எல்லாம் ஞாபகம் வந்தது. நான் மறுத்திருந்தால் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன்.

முனையில் கடல் தன் குணத்தைக் காட்டியது. மட்டிப்பழம், தீயல், புட்டு என்று நான் இந்த நாட்டில் தின்ற எல்லாவற்றையும் வரிசைப்படி திருப்பிக் கொடுத்தேன். வீங்கிய கையால் கைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு விளிம்புக்கு வெளியே தொங்கினேன். பக்கத்தில் வைரமுத்தண்ணை, முன்பு விழுந்த அதே இடத்தில், பாய்க்குக் கீழால் பார்க்க உடம்பு முழுவதையும் அதே கயிற்றில் சாய்த்தார். என் கைக்குள் கயிறு இறுகியது. நான் கயிற்றையே பார்த்தேன். ஒரு விரற்கடையும் நீளவில்லை. நீள வேண்டியதெல்லாம் கரையிலேயே நீண்டு முடிந்திருந்தது.